எட்டாம் வகுப்புக்கான முப்பது புத்தகங்கள்

காந்திமதிநாதன் புத்தகங்களை முதலில் அடிஸ்கேல் வைத்துத்தான் அளந்தார். எழுத்து அரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்குக் குறைந்தால் இரண்டு. பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தால் மூன்று. படம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் நான்கோ ஐந்தோ, அன்றைக்கு அவர் மனம் எப்படி இருக்கிறதோ அப்படி. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். ஆறுக்கு மேல் ஸ்கேல் கை கொடுக்கவில்லை. எல்லாப் புத்தகத்திலும் எழுத்து ஒரே அளவாக இருந்தது.

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் அவர் நூலகர். தொண்ணூற்றிரண்டில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எந்த வகுப்பில் எதைப் படிக்கலாம் என்று ஒரு பட்டியல் வேண்டும், எட்டாம் வகுப்பு வரைக்கும், வகுப்புக்கு முப்பது புத்தகம். வேறொருவராக இருந்தால் பதிவேட்டைப் பார்த்து ஒரு மத்தியானத்தில் எழுதி அனுப்பியிருப்பார். காந்திமதிநாதன் அந்த ரகம் இல்லை. ஒரு வேலையைப் பிடித்தால் விடமாட்டார், அது அவரை விட்டுவிடத் தயாராக இருந்தாலும்.

அவருடைய மகள் பகவதி அப்போது ஆறாம் வகுப்பு. வீட்டிலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளை இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும்? வாரத்துக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார். அது திரும்பி வரும்போது மூன்று கேள்வி கேட்பார். லேசாக இருந்ததா, கஷ்டமாக இருந்ததா, முடியும் வரைக்கும் படிக்க வேண்டும் என்று இருந்ததா? பகவதி சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, கடைசிக் கட்டத்தில் ‘மாணவி ஒருத்தி தானே படித்துக் கூறியது’ என்று குறித்துக்கொள்வார். அவள் ஏழாம் வகுப்புக்குப் போனாள், பட்டியலும் கூடவே போனது. எட்டில் கால் வைப்பதற்குள் எட்டாம் வகுப்புப் பட்டியலும் முடிந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகி, மூன்று வகுப்புக்கும் சேர்த்துத் தொண்ணூறு புத்தகம் தேறியது.

அதில் ஒரே ஒரு கோளாறு. அந்தத் தொண்ணூறில் ஒன்றைக்கூடப் பகவதி படிக்கவில்லை. படித்தவள் அவர் பெண்டாட்டி ஆவுடையம்மாள்.

ஆவுடையம்மாளுக்குப் பீடி சுற்றுகிற வேலை. அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு அதுதான். காலையில் பீடிக்கடையிலிருந்து இலையும் புகையிலைத் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, சொளவு என்கிற முறத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலமாகிவிடும். பகவதி ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் ஆவுடையம்மாளுக்கு வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்தது. வேப்பெண்ணெய் வைத்துப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைச் செருகிப் பார்த்தாள், கடைசியில் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். விரல் ஆறுகிற மட்டும் பகவதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொளவை வாங்கிக்கொண்டாள். பிள்ளை சும்மா சுற்றினால் தூங்கி வழிவாளே என்று, புருஷன் கொண்டுவந்து போட்டிருந்த புத்தகத்தை எடுத்து ஆவுடையம்மாள் வாசித்துக் காட்டினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முதல் புத்தகத்தில் தட்டுத் தடுமாறினாள். மூன்றாவது புத்தகத்தில் குரலை ஏற்றி இறக்கி வாசிக்கப் பழகிவிட்டாள்.

காந்திமதிநாதன் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் நூலகம் திறக்கப் போனால் ஏழரைக்குத்தான் வருவார். நாலேகாலுக்குப் பகவதி வந்துவிடுவாள். நடுவில் இருந்த மூன்று மணி நேரம் தாய்க்கும் மகளுக்கும்.

பீடிக்கடையில் பீடியைச் சரிபார்த்து வாங்குகிற பீர் முகம்மது இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

“ஆவுடையம்மா, இது ஒன் கை இல்லையே.”

“ஏன் அண்ணாச்சி, கழிச்சுப் போடுதீயளா?”

“கழிக்கதுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. நீ சுத்துனா தல பருத்திருக்கும். இது ஒரே சீரா இருக்கு. எளசு வெரலு.”

“மவ கூடமாட செய்யுதா.”

“படிக்க பிள்ளையில்லா?”

“படிச்சுக்கிட்டேதான் செய்யுதா அண்ணாச்சி” என்றாள் ஆவுடையம்மாள். வீட்டில் ஒருத்தி படித்துக்கொண்டிருந்தது உண்மைதான்.

விரல் ஆறிவிட்டது. “இனி நான் சுத்துதேன், நீ வாசி” என்றதற்குப் பகவதி, “நீயே வாசிம்மா, நீ வாசிச்சாத்தான் கேக்க நல்லாருக்கு” என்றாள். ஆவுடையம்மாளுக்கு அது பெருமையாக இருந்தது. ஒருநாள் அடுப்பில் உலை பொங்குகிறதென்று புத்தகத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனவள், “கதைய நிறுத்தாதட்டி, அடுத்த வரிய வாசி, கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள். உள்ளே சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தால், பகவதி வரியின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சேர்வதற்குள் முந்தின சொல் கலைந்துபோனது. நெற்றி வேர்த்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. பகவதியின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். கரும்பலகையில் இருப்பதை அப்படியே நோட்டில் இறக்கிவிடுவாள். காதில் ஒருதரம் விழுந்தால் அவளுக்கு மறக்காது. கேள்வி கேட்டால் முதலில் எழுந்து பதில் சொல்வாள். அப்படிப்பட்ட பிள்ளையை வாசிக்கச் சொல்லி யார் சோதிக்கப் போகிறார்கள்?

அன்றைக்கே ஆவுடையம்மாள் புருஷனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதை நல்ல இடத்தில் நின்றிருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, புத்தகத்தை வாங்கி, விட்ட இடத்திலிருந்து அவளே வாசித்தாள்.

தொண்ணூற்று நாலு ஆடியில் பட்டியல் சின்னப் புத்தகமாக அச்சாகி வந்தது. நாற்பது பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றும், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வெளியீட்டு விழா, கல்வி அதிகாரி வருகிறார் என்றும் காந்திமதிநாதன் வந்து சொன்னார். அன்றைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு சொன்னார்.

“மேடையில பகவதிதான் வாசிக்கா. ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லியாச்சு.”

ஆவுடையம்மாளின் கை கரண்டியோடு நின்றது. “இவ எதுக்குங்க? நல்லா வாசிக்க பிள்ளையா பாத்துப் போடுங்க.”

“இவள விட நல்லா வாசிக்க பிள்ள எவ இருக்கா? ஏளா, தொண்ணூறு பொஸ்தகம் படிச்ச பிள்ள!”

“கூட்டத்தப் பாத்தா பயந்துருவா.”

“என்னத்துக்குப் பயம்? ஏட்டி, ஒனக்குப் பயமாவா இருக்கு?”

பகவதி தட்டைப் பார்த்தபடி கேட்டாள். “எந்தப் பொஸ்தகம்ப்பா?”

“அந்த உப்பளத்துக் கத. மூணாவது அத்தியாயம். அதிலதான அந்தப் பிள்ள மொத மொத வேலைக்குப் போவா? நீதான சொன்ன, அந்த எடம் நல்லாருக்குன்னு.”

“வாசிக்கேன்” என்றாள் பகவதி.

மறுநாள் சாயங்காலம் பகவதி வந்து சொளவை எடுத்த கையோடு ஆவுடையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“என்னட்டி இப்பிடி வாசிக்கேன்னு சொல்லிட்ட?”

“நீ நாலு மட்டம் வாசிம்மா. எனக்கு மனசுல நின்னுரும்.”

“மாட்டிக்கிட்டா?”

“ரெண்டு வருசமா மாட்டலல்லா.”

“அது வீடு, மூதி. இது மேட. அப்பாட்ட சொல்லிருவோமாட்டி?”

பகவதியின் விரல்கள் இலையில் நின்றன. “சொன்னா, அப்பா எனக்கு ரெண்டாங் கிளாஸ் பொஸ்தகம் கொண்டாந்து தருவாவ. அவ்வோ நூலகத்துல எங்க கிளாஸ் பிள்ளைக எல்லாம் இருக்குமே, அதுக முன்னால வச்சுத் தருவாவ. அதுக்கு நான் பள்ளிக்கூடத்துக்கே போகல, பீடியே சுத்துதேன்.”

ஆவுடையம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு, வேறு பள்ளிக்கூடம். அங்கே பாடப்புத்தகத்தைக் கொடுத்து எழுந்து வாசி என்பார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒரு மாதம் தாக்குப்பிடிக்காது. அப்புறம் ஆயுசு முழுக்கச் சொளவுதான். அந்தச் சொளவை மகள் மடியில் வைத்ததே தான்தான் என்பதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் அன்றைக்கு வேறு வழி தோன்றவில்லை. உப்பளத்துக் கதையை எடுத்து மூன்றாவது அத்தியாயத்தை முழுக்க வாசித்தாள். மறுநாளும் வாசித்தாள். அதற்கும் மறுநாள் பகவதி கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

விழாவன்று மேல்காற்று அடித்தது. பந்தல் துணி படபடத்தது. அதிகாரி வேட்டி கட்டிய நல்ல மனிதர். மாலையைப் போட்டதும் கழற்றி முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்தார். பட்டியலைப் புரட்டிப் பார்த்து, ‘மாணவி ஒருத்தி தானே படித்துக் கூறியது’ என்பதைச் சத்தமாக வாசித்து, “இதுதான் சார் வேணும், இப்படித்தான் பட்டியல் போடணும்” என்றார். காந்திமதிநாதன் புத்தகக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடை ஓரத்தில், மகளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

பகவதி புத்தகத்தை விரித்து வாசித்தாள். ஆவுடையம்மாள் பெண்களோடு கடைசியில் உட்கார்ந்து உதட்டுக்குள் கூடவே சொன்னாள். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் தலைப்பும் படமும் போகப் பதினாறு வரிதான். பதினாறாவது வரியில் பகவதி நிறுத்தி, தலையை நிமிர்த்தினாள்.

“அருமை, அருமை” என்றார் அதிகாரி. “இன்னும் கொஞ்சம் வாசிம்மா, கேப்போம்.”

பகவதி தலையைக் குனிந்து தொடர்ந்தாள். அந்தப் பிள்ளை உப்பு வாருகிற பலகையைத் தூக்குவது, பாதம் எரிவது, கங்காணி கத்துவது, ஒவ்வொன்றும் வந்தது. குரல் ஏறும் இடத்தில் ஏறியது, இறங்கும் இடத்தில் இறங்கியது. அது ஆவுடையம்மாளின் குரலேதான். பக்கத்தில் இருந்த பொம்பளை ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பக்கம் மட்டும் திரும்பவில்லை.

திருப்புட்டி, திருப்பு, என்று ஆவுடையம்மாள் உள்ளே கிடந்து துடித்தாள். பகவதிக்கு அது தோன்றவே இல்லை. படம் போட்ட அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் மூன்று பக்கத்துக் கதையைச் சொல்லி முடித்தாள். பந்தல் முழுக்கக் கை தட்டியது. அதிகாரி தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்து, அடுத்த மாதம் திருநெல்வேலியில் பெரிய கூட்டம் இருக்கிறது, அங்கேயும் இந்தப் பிள்ளைதான் வாசிக்க வேண்டும் என்றார். காந்திமதிநாதன் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அவர் கண் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. புத்தகத்தோடே பிழைக்கிறவர், பக்கம் திரும்பாததை அவர் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அதே புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தை விரித்தார்.

“ஏட்டி, இங்கன வா. இத வாசி.”

பகவதி வந்து நின்றாள். புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை.

“வாசின்னேன்.”

“அவகிட்ட கேக்காதீங்க” என்றாள் ஆவுடையம்மாள். “எங்கிட்ட கேளுங்க.”

“எத்தன நாளா இது?”

“ஆறாங் கிளாஸ்ல இருந்தே.”

“அப்பம் அந்தத் தொண்ணூறு பொஸ்தகம்?”

“நாந்தான் வாசிச்சேன். அவ கேட்டுக்கிட்டு இருந்தா. எனக்குப் பதிலா பீடி சுத்துனா.”

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து ஆவுடையம்மாள் முன்னால் உட்கார்ந்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக் கேட்டார்.

“இது? ‘நடுவில் தொய்வு, முடிவு அருமை’?”

“நான் சொன்னது.”

“‘ஏழாம் வகுப்புக்கு வேண்டாம்’?”

“அதுல அந்தப் பொம்பளையப் போட்டு அடி அடின்னு அடிக்கான். சின்னப்பிள்ளைக எதுக்கு அதப் படிக்கணும்? அதான் வேண்டாம்னு சொல்லுன்னேன்.”

“‘இரண்டு முறை படித்தேன்’?”

“மூணு மட்டம்” என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் நோட்டை மூடினார். “நாப்பது பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சுளா.”

“பட்டியலு கெடக்கட்டுங்க. பிள்ளையப் பாருங்க. அவளுக்கு வாசிக்க வரலன்னு எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே தெரியும். அவ எழுத்துக் கூட்டி வாசிச்சா அந்தக் கத என்னைக்கு முடிய? எனக்கு அடுத்த பக்கத்துல என்ன நடக்குன்னு தெரியணும்னு இருந்துது. அதுக்காவ வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். எம் பிள்ள வாசிக்க வேண்டியதெல்லாம் நானே வாசிச்சுட்டேங்க.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பகவதி அழவில்லை. அதிகாரி கொடுத்த பேனாவைச் சுவரில் இருந்த மாடாக்குழியில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காந்திமதிநாதன் இரண்டாம் வகுப்புப் பட்டியலிலிருந்து ஐந்து புத்தகம் கொண்டுவந்தார். நூலகத்தில் வைத்துக் கொடுக்கவில்லை, வீட்டில் வைத்துத்தான் கொடுத்தார். பகவதி முதல் புத்தகத்தின் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். ஒரு யானை தன் தொப்பியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது.

“ஆன தொப்பியத் தொலச்சா எனக்கு என்னப்பா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு முயலும் ஆமையும். நான்கில் ஒரு ராஜா. பகவதி எதையும் இரண்டாம் பக்கத்துக்கு மேல் திருப்பவில்லை. புயலில் வீடு இழந்தவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள், கட்டிக்கொள்ளக் கூடாதவனைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினவர்கள் எல்லாரையும் கேட்டு வளர்ந்த காது அவளுடையது. கண்தான் இரண்டாம் வகுப்பில் நின்றது.

“எம் பட்டியல்ல இவளுக்கு எந்தக் கிளாஸ்ல எடம் போடன்னே தெரியலையேளா” என்றார் காந்திமதிநாதன். அவர் பெண்டாட்டியிடம் புத்தகத்தைப் பற்றி யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆவுடையம்மாள் எழுந்து போய் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தாள். விழாவுக்கு முந்தி அவர்கள் பாதி படித்து நிறுத்தியிருந்தது. எந்த வகுப்புப் பட்டியலிலும் அது இல்லை. கடலோரத்து ஊரில் விக்டோரியா என்று ஒருத்தி. அவள் புருஷன் கொழும்புக்குத் தோணியில் போகிறான். மாசக்கணக்கில் தகவல் இல்லை. ஒருநாள் தோணி வருகிறது. போனவர்கள் பதினொரு பேர். கரையில் நின்று விக்டோரியா எண்ணுகிறாள். தோணியில் தெரிவது ஒன்பது தலை. அந்த இடத்தில்தான் காந்திமதிநாதன் நூலகத்திலிருந்து வருகிற நேரம் ஆகி, புத்தகத்தை மூடி வைத்திருந்தார்கள்.

“மீதிய இவ வாசிக்கட்டும்” என்று அதை மகள் மடியில் வைத்துவிட்டுச் சொளவை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

“நான் வாசிக்க மாட்டேன்” என்றாள் பகவதி.

“வாசிக்காட்டா போ.”

“நீ வாசிச்சிருப்ப.”

“நான் தொடல்லட்டி. ஆத்தங்கர அம்மன் மேல சத்தியமா சொல்லுதேன்.”

“நான் பள்ளிக்கூடத்துக்குப் போன பொறவு வாசிப்ப.”

இது நியாயமான சந்தேகம்தான். ஆவுடையம்மாளுக்கே தன் மேல் நம்பிக்கை இல்லை. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது கை தானாக அலமாரிப் பக்கம் போனது. இரண்டாம் நாள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். “நீங்க காலையில போகும்போது இந்தச் சவத்தைக் கையோட கொண்டு போயிருங்க. பூட்டி வையுங்க. சாயங்காலம் பிள்ள வார நேரத்துக்குக் கொண்டாந்து வச்சாப் போதும்.” அன்றிலிருந்து காந்திமதிநாதன் அந்தப் புத்தகத்தைக் காலையில் தூக்குவாளிச் சோற்றோடு கொண்டுபோய், நாலு மணிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடியும் நூலகம் திறக்கப் போனார்.

நாலு நாள் பகவதி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாயிடம் பேசவும் இல்லை. ஐந்தாம் நாள் எடுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு எழுத்துக் கூட்டினாள். ஒரு வரி முடிய ஆவுடையம்மாள் நாலு பீடி சுற்றினாள். இடையில் எப்போதாவது, “இது என்ன எழுத்தும்மா?” என்று கேட்பாள். ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்து அந்த எழுத்தை மட்டும் சொல்வாள். பக்கத்தில் இருக்கும் சொல் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று சட்டென்று திரும்பிக்கொள்வாள். சில நாள் பகவதி புத்தகத்தை வீசி எறிந்தாள். ஒருநாள் ஒரே சொல்லோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, அது ‘கலங்கரைவிளக்கம்’ என்று தெரிந்ததும், அது எதற்கு இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று அழுதாள். ஆவுடையம்மாள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

காந்திமதிநாதன் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். மகள் கூட்டத்துக்கு வர இயலாது, அவள் இப்போதுதான் வாசிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். நாற்பது பள்ளிக்கூடத்துக்கும் ஒரு திருத்தமும் அனுப்பினார். ‘மாணவி ஒருத்தி’ என்று இருக்கும் இடத்திலெல்லாம் ‘மாணவியின் தாயார்’ என்று வாசிக்கவும் என்று. யாரும் பதில் எழுதவில்லை. திருத்தியதாகவும் தெரியவில்லை.

சாரல் நின்றது. ஆற்றில் வெள்ளம் வடிந்து கரைப்பாறைகள் வெளியே தெரிந்தன. ஆவுடையம்மாளின் பீடிகள் மறுபடியும் தலை பருத்துக் கடைக்குப் போயின. பீர் முகம்மது எடுத்துப் பார்த்து வரவு வைத்துக்கொண்டார்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். வெயில் வாசல் வரைக்கும் வந்திருந்தது. ஆவுடையம்மாள் சுற்றிக்கொண்டே இருந்தவள், வெகுநேரமாக எழுத்துக் கூட்டும் சத்தம் கேட்கவில்லை என்று நிமிர்ந்து பார்த்தாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தாள். பகவதி தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து, முழங்காலில் புத்தகத்தை நிறுத்தியிருந்தாள். விரல் வரியின் கீழே இருந்தது. உதடு மூடியிருந்தது. கண் மட்டும் பைய நகர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று ஆவுடையம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

“ஏட்டி.”

பகவதி விரலை அடுத்த வரிக்கு இறக்கினாள்.

“ஏட்டி, தோணி கரைக்கு வந்துட்டா? வராதது யாருட்டி ரெண்டு பேரு? அவ புருசன் இருக்கானா?”

பகவதி தலையை நிமிர்த்தவில்லை.

“சொல்லேம்ட்டி, ஒன்னப் பெத்தவல்லா கேக்கேன்.”

“பேசாம இரும்மா” என்றாள் பகவதி, எரிச்சலோடு. “வாசிச்சுக்கிட்டுல்லா இருக்கேன்.”

ஆவுடையம்மாள் வாயை மூடிக்கொண்டாள். இதற்கு முன் மகளிடம் வசவு வாங்கி அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சத்தம் கேட்கக் கூடாதென்று கத்தரியைக்கூடக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒன்பது பேர் யார் என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தாள்.